ஃபோர் வீல் விழவில்லையா? ட்ரான்ஸ்பரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கார்த்திகை மழை இறங்கியதும் மட்டக்களப்பின் படுவான்கரையில் வயல் வைத்திருப்பவர்களுக்கு வாகனத்தின் பெரிய கியர் லீவரை விடப் பக்கத்தில் இருக்கும், ஃபோர் வீல் போடும் சின்ன லீவர்தான் முக்கியமாகிவிடும். வவுணதீவு தாண்டித் தார் முடிந்து, கிறவல் தொடங்கி, கிறவலும் முடிந்து வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கும் இடத்தில் அந்தச் சின்ன லீவர் விழுந்தால் உரம் வயல் குடிசையான வாடிக்குப் போய்ச் சேரும். விழாவிட்டால் சேற்றுச் சுரிக்குள் இறங்கி நடந்து, உழவு மெசின் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். சாகாமம், இறக்காமம் பக்கத்து வயல்காரருக்கும் இதே நிலைதான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் தொடங்கியது. தொடங்கிய பிறகும் புது டபுள் கெப்பின் விலை நெல் விற்ற காசுக்கு எட்டவில்லை. அதனால் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த ஹைலக்ஸ், எல்200, நிசான், இசுசு வாகனங்களைத்தான் நாங்கள் இன்னும் ஓட்டுகிறோம். முப்பது வருட வாகனத்தில் ஃபோர் வீல் முரண்டு பிடிப்பது புதுமையில்லை. ஆனால் அதற்குப் பார்க்கிற வைத்தியத்தில்தான் நிறையச் சல்லி வீணாகிறது.

என் ஹைலக்ஸுக்கும் அதுதான் நடந்தது. லீவர் விழும், டாஷ்போர்டில் லைட் எரியாது, முன் சக்கரம் இழுக்காது. கொண்டுபோன கராஜில் கேட்ட மாத்திரத்தில் ட்ரான்ஸ்பரை, அதாவது இஞ்சின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, கழற்றினார்கள். மூன்று கிழமை கழித்து, பெரிய பில்லோடு வாகனம் திரும்பி வந்தது. கோளாறும் கூடவே வந்தது. பிறகு உறவுமுறையில் மாமாவான ஒரு வயதான மெக்கானிக் வந்து பொனட்டைத் திறந்தார். கையை உள்ளே விட்டு, சுண்டுவிரல் பருமன் கூட இல்லாத ஒரு கறுப்பு ஹோஸை இழுத்துக் காட்டினார். அதில் பல் பல்லாகக் கடித்த தடம். "மனே, எலி கடிச்ச இந்த ஹோஸ யாரும் பார்க்கல்லயா?" என்று கேட்டார். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்தியதற்குக் கிடைத்த கூலி. ஒரு அடி ஹோஸ் மாற்றினோம். அன்றைக்கே ஃபோர் வீல் விழுந்தது.

அன்றிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். சக்கரம், லீவர், ஹப், ஹோஸ், சுவிச், வயர் எல்லாம் பார்த்து முடித்த பிறகே ட்ரான்ஸ்பரில் ஸ்பானர் வையுங்கள். அந்த ஒழுங்கில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

வேலை தொடங்கும் முன்

வாகனத்துக்குக் கீழே படுத்துச் செய்யும் வேலை நிறைய உண்டு. சமமான, காய்ந்த நிலம் வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகே போங்கள்.

பலர் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. சின்ன லீவர் நியூட்ரலில் இருந்தால், பெரிய கியரை முதலாம் கியரில் போட்டு நிறுத்தினாலும் வாகனம் உருளும். இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பையே அந்த நியூட்ரல் அறுத்துவிடுகிறது. ஓட்டோ கியரில் 'பி'யில் போட்டிருந்தாலும் அப்படித்தான். குளக்கட்டுச் சரிவில் நிறுத்தி லீவரை ஆட்டிப் பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அதேபோல, ஒரு சக்கரத்தை மட்டும் ஜக்கில் தூக்கிவிட்டு ஃபோர் வீலில் இஞ்சினை ஓட விடாதீர்கள். நிலத்தில் இருக்கிற சக்கரம் பிடித்து வாகனம் ஜக்கிலிருந்து பாயும்.

உங்களுடையது எந்த வகை?

இது தெரியாமல் தேடினால் இல்லாத பொருளைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். முன் சக்கரத்தின் நடுவில் கையால் திருகும் வட்டம் இருந்தால் அது சக்கரத்தை எக்ஸிலோடு சேர்த்துப் பிரிக்கும் கை ஹப். முன்னாலும் பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய ஹைலக்ஸ்களில் பெரும்பாலும் இதுதான். அதில் ஹப்பை நீங்கள் இறங்கித் திருகி லொக் பண்ண வேண்டும், லீவரும் போட வேண்டும். இரண்டில் ஒன்று விட்டாலும் முன் சக்கரம் இழுக்காது.

திருகும் வட்டம் இல்லாமல் சின்ன லீவர் மட்டும் இருந்தால் இரண்டு வழி இருக்கலாம். ஒன்று ஓட்டோ ஹப். சில நிசான், இசுசுகளில் பார்க்கலாம். மற்றது, முன் டிபரன்ஷலுக்கு, அதாவது இரண்டு முன் சக்கரத்துக்கும் பலத்தைப் பிரிக்கும் பெட்டிக்கு, பக்கத்தில் வெக்கூம் மூலம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவையால், எக்ஸிலைச் சேர்த்துப் பிரிக்கும் ஏற்பாடு. என் ஹைலக்ஸிலும் பல எல்200களிலும் இருப்பது இதுதான். லீவரே இல்லாமல் பட்டனோ திருகு சுவிச்சோ இருந்தால் ட்ரான்ஸ்பரை ஒரு சின்ன மோட்டர் திருப்புகிறது.

2 ஹை என்றால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், 4 ஹை என்றால் நாலு சக்கரமும் இழுக்கும், 4 லோ என்றால் நாலும் மெதுவாக, கூடிய பலத்தோடு இழுக்கும். சில பஜெரோக்களில் நடுவிலும் ஒரு டிபரன்ஷல் இருப்பதால் தார் றோட்டிலும் 4 ஹையில் ஓடலாம். டபுள் கெப்களில் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. கீழே வரும் முதலாவது கோளாறு அதனால்தான் வருகிறது.

1. லீவர் இறுகிப்போய் வராவிட்டால்: முறுக்கு

சுரியைத் தாண்டித் தார் றோட்டில் ஏறிய பிறகும் 4 ஹையிலேயே ஓடி வந்து, வீட்டு வாசலில் லீவரை இழுத்தால் வராது. காலால் உதைத்தாலும் வராது. "ட்ரான்ஸ்பர் பிடித்துவிட்டது" என்று பயந்து கராஜுக்குக் கொண்டு போகிறார்கள். உண்மையில் எதுவும் பழுதாகவில்லை.

வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. முன்னுக்குப் போகும் ஷாப்டும் பின்னுக்குப் போகும் ஷாப்டும் ட்ரான்ஸ்பருக்குள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சுரியிலும் மணலிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்காது. அந்த வித்தியாசம் முழுவதும் ஷாப்டுகளில் முறுக்காக ஏறி நிற்கும். கயிற்றை இரண்டு பேர் இரண்டு பக்கம் முறுக்கிப் பிடித்திருப்பது போல. அந்த இறுக்கத்தில் பற்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு நிற்க, லீவர் எப்படி வரும்?

ஸ்டியரிங்கை நேராக வைத்து ஐந்து, பத்து மீற்றர் ரிவேர்ஸில் போங்கள். போகும்போதே அக்சிலரேட்டரை விட்டு, லீவரில் கையை மெதுவாக அழுத்தி வையுங்கள். முறுக்கு அவிழும் நொடியில் அது தானாக வரும். வராவிட்டால் ஒரு பக்கச் சக்கரங்களை றோட்டோர மணலில் இறக்கி இன்னொரு முறை செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் வாகனத்தை நிறுத்தி, கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை ஜக்கில் நிலத்திலிருந்து எழுப்புங்கள். சக்கரம் நிலத்தை விடும்போது சட்டென்று ஒரு திருப்பம் திரும்பும். கையை விலக்கி வையுங்கள்.

லீவரைச் சுத்தியலால் தட்டுவதும், பைப் போட்டு இழுப்பதும் வேண்டாம். உள்ளே கியரைத் தள்ளி மாற்றும் ஃபோர்க் வளைந்தால் அதற்குப் பிறகுதான் உண்மையான செலவு.

2. டயர்

வளைவே இல்லாமல் நேராக ஓடினாலும் முறுக்கு ஏறுகிறதென்றால் டயரைப் பாருங்கள். நெல் ஏற்றும் அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவரின் வாகனத்தில் இதைக் கண்ணால் கண்டேன். நாலு மாதமாக லீவர் இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னுக்கு இரண்டு புது டயர், முன்னுக்குத் தேய்ந்த பழையது. எழுத்தில் உள்ள அளவு ஒன்றுதான்.

நெல் காயப்போடும் சீமெந்துக் களத்தில் வாகனத்தை 2 ஹையில், ஹப்பைத் திறந்து விட்டு, நியூட்ரலில் வைத்தோம். முன் டயரிலும் பின் டயரிலும் நிலத்தைத் தொடும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு, நிலத்திலும் ஒரு கோடு. ஐந்து சுற்று வரும் வரை கையால் தள்ளினோம். முன் டயர் ஐந்து சுற்று முடித்த இடத்தையும் பின் டயர் முடித்த இடத்தையும் அளந்தால் பின்னது ஒரு சாண் கூட ஓடியிருந்தது. அளவுநாடாவில் 20 சென்ரிமீற்றர். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 4 சென்ரிமீற்றர். அந்தச் சக்கரம் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 446 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கிட்டத்தட்ட 18 மீற்றர் வித்தியாசத்தை ட்ரான்ஸ்பர் விழுங்க வேண்டும். காக்கா கொஞ்ச நேரம் அந்தச் சோக்குக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, முடிந்தவரை ஒரே தேய்மானம். முன்பின்னாக மாற்றி மாற்றிப் பூட்டி நாலையும் ஒன்றாகத் தேய விடுங்கள். காற்றும் கம்பனி சொன்ன அளவில் இருக்கட்டும்.

3. கிளச்சும் லீவரும்

4 லோ போடும்போது கறகறவென்று அரைத்தால் முதலில் கிளச்சைச் சந்தேகியுங்கள். நிற்கும் வாகனத்தில் ரிவேர்ஸ் போடும்போதும் அரைக்கிறதா? அப்படியானால் கிளச் முழுதாக விடவில்லை. பிளேட்டோ சிலிண்டரோ, அதுதான் உங்கள் வேலை.

கிளச் நல்லதென்றால், போடும் முறையைக் கவனியுங்கள். 4 லோவுக்கு வாகனம் நிற்க வேண்டும். கிளச்சை மிதித்துப் பெரிய கியரை நியூட்ரலில் வைத்து, சின்ன லீவரை ஒரே இழுப்பில் கொண்டு போங்கள். நடுவில் தயங்கினால் நியூட்ரலில் மாட்டும். பல்லுக்குப் பல் முட்டி நின்றால் ஒருமுறை கிளச்சை விட்டு மிதித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள், அல்லது வாகனத்தை ஒரு சாண் உருட்டுங்கள். 2 ஹையிலிருந்து 4 ஹைக்கு ஓடிக்கொண்டே போடலாம். எத்தனை வேகம் வரை என்பது வாகனத்துக்கு வாகனம் வேறு. ஆனால் பின் சக்கரம் சுரியில் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது போடவே போடாதீர்கள். புதையும் இடத்துக்கு முன்பே போட்டுவிடுவதுதான் எங்கள் வட்டைக்காரர் பழக்கம், அது சரியான பழக்கம்.

லீவர் தொளதொள என்று ஆடுகிறதா? லீவரின் அடிப்பந்தில் ஒரு பிளாஸ்ரிக் புஷ் இருக்கும். அது தேய்ந்து உதிர்ந்தால், கை போகும் தூரம் முழுதாகப் போகும், ஆனால் கீழே உள்ள கம்பி முக்கால்வாசிதான் நகரும். கியர் அரைகுறையாக விழுந்து, சுமை ஏறியதும் துள்ளி வெளியே வரும். மேலே உள்ள ரப்பர் உறையை விலக்கினால் தெரிந்துவிடும். சாமான் மலிவு, அரை மணி நேர வேலை. அந்த உறை கிழிந்திருந்தால் சுரித் தண்ணீர் உள்ளே போயிருக்கும், அதையும் மாற்றுங்கள். சில வாகனங்களில் லீவருக்கும் ட்ரான்ஸ்பருக்கும் நடுவே வெளியால் ஓடும் கம்பி மூட்டுகள் உண்டு. சுரி காய்ந்து, துருப்பிடித்து இறுகி நிற்பவை அவைதான். கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு இளக்கும் ஒயில் அடித்து, ஒரு இரவு விட்டு ஆட்டிப் பாருங்கள்.

கியர் துள்ளி வெளியே வந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், கியர் பொக்ஸ் மவுண்டிங் ரப்பர். அது அறுந்திருந்தால் சுமையில் முழுப் பொக்ஸும் எழும்பும், லீவர் பலகையில் முட்டித் தானாக வெளியே தள்ளப்படும்.

4. கோளாறை இரண்டாகப் பிரித்தல்

இந்தப் படியை யாரும் தவிர்க்காதீர்கள். ஐந்து நிமிட வேலை. என் வாகனத்துக்கு ஆரம்பத்திலேயே யாராவது இதைச் செய்திருந்தால் அந்த மூன்று கிழமையும் அந்தப் பில்லும் மிச்சம்.

வாகனத்தை 2 ஹையில் கொஞ்சம் ஓட்டி வந்து நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக், கட்டை, இஞ்சின் நிறுத்தம். கை ஹப்பானால் இரண்டையும் திறந்து விடுங்கள். கீழே போய், ட்ரான்ஸ்பரிலிருந்து முன்னுக்குப் போகும் ப்ரொப் ஷாப்டைக் கையால் திருப்புங்கள். லேசான ஒயில் இழுவையோடு திரும்ப வேண்டும். இப்போது ஒருவரை மேலே விட்டு 4 ஹை போடச் சொல்லுங்கள். திரும்பவும் ஷாப்டைத் திருப்பிப் பாருங்கள். இலேசான ஆட்டம் மட்டும் இருந்து, அதற்கு மேல் அசையாவிட்டால் ட்ரான்ஸ்பர் தன் வேலையைச் செய்கிறது. அப்படியானால் கோளாறு முன் பக்கத்தில், அதாவது ஹப்பில், வெக்கூமில், எக்ஸிலில். 4 ஹையிலும் ஷாப்ட் தாராளமாகச் சுற்றினால் கோளாறு லீவரிலோ ட்ரான்ஸ்பருக்குள்ளோ.

முன் பக்கத்தைச் சோதிக்க, இரண்டு முன் சக்கரத்தையும் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, 4 ஹையில் விட்டு, இஞ்சினை நிறுத்தியே வையுங்கள். ஹப்பை லொக் பண்ணி ஒரு சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். மற்றது எதிர்த்திசையில் திரும்பினால் முன் பக்கம் முழுதாகச் சேர்ந்திருக்கிறது. மற்றது அசையாமல் நின்றால் எங்கோ ஒரு இடத்தில் தொடர்பு அறுந்திருக்கிறது.

5. ஹப்

ஒவ்வொரு சக்கரமாகப் பாருங்கள். லொக்கில் வைத்துச் சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே தெரியும் ஷாப்டும் கூடவே திரும்ப வேண்டும். திறந்து விட்டால் ஷாப்ட் நின்றுவிட வேண்டும். முன்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வாகனத்தில் ஷாப்ட் எக்ஸில் குழாய்க்குள் மறைந்திருப்பதால் ப்ரொப் ஷாப்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

திருகு பாதியில் நின்றால் உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கிறது, அல்லது தண்ணீர் போய்த் துருவாகியிருக்கிறது. மூடியில் உள்ள சின்ன போல்ட்களைக் கழற்றினால் மூடி வந்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, காய விட்டு, மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போடுங்கள். அள்ளி அப்பினால் உள்ளே வழுக்கிப் போக வேண்டிய வளையம் நகர இடமில்லாமல் நின்றுவிடும். கிரீஸ் கூடுதலாகப் போட்டதால் விழாமல் போன ஹப்பை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மூடியைத் திரும்பப் பூட்டும்போது திருகு திறந்த நிலையில், அதாவது ஃப்ரீயில், இருக்க வேண்டும். போல்ட்கள் சின்னவை, இறுக்கிப் பிடித்தால் மரை போய்விடும். ரப்பர் வளையம் நைந்திருந்தால் புதிது போடுங்கள்.

ஓட்டோ ஹப் உள்ளவர்கள் 2 ஹைக்கு மாற்றிய பிறகு வாகனத்தை நிறுத்தி, இரண்டு மூன்று மீற்றர் நேராக ரிவேர்ஸில் போக வேண்டும். அப்போதுதான் அது விடும். இதைச் செய்யாமல் "முன் சக்கரத்தில் டக் டக் சத்தம்" என்று வருகிறவர்கள் உண்டு. ரிவேர்ஸில் போயும் சத்தம் இருந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. என்னைக் கேட்டால் அதைச் சரிசெய்வதை விடக் கை ஹப்புக்கு மாறிவிடுவது நல்லது. சுரிக்குள் இறங்கித் திருகும் சிரமம் உண்டுதான், ஆனால் லொக் ஆகிவிட்டதென்று கை சொல்லும்.

6. வெக்கூம்

இந்தப் பகுதியில்தான் எங்கள் பக்கத்து வாகனங்கள் அதிகம் அடிவாங்குகின்றன.

டீசல் இஞ்சினில் வெக்கூமை உண்டாக்குவது ஒரு பம்ப். ஹைலக்ஸ், இசுசு, எல்200 ஆகியவற்றில் வழமையாக அல்டர்நேட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். அதே பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும் இழுவை கொடுக்கிறது. ஆகவே ஃபோர் வீலும் விழவில்லை, பிரேக் பெடலும் கல்லாக இருக்கிறதென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். அப்படிப்பட்ட வாகனத்தை வயலுக்கும் எடுக்காதீர்கள், றோட்டுக்கும் எடுக்காதீர்கள். முதலில் பிரேக்.

பிரேக் நல்லதென்றால், இஞ்சினை ஐட்லிங்கில் ஓட விட்டு முன் டிபரன்ஷலில் உள்ள வெக்கூம் டப்பாவின் ஹோஸ்களைக் கண்டுபிடியுங்கள். ஹைலக்ஸில் இரண்டு வரும். ஒன்று எக்ஸிலைச் சேர்க்க, மற்றது பிரிக்க. கழற்றிப் பெருவிரலை வையுங்கள். 2 ஹையில் ஒன்று விரலை இழுக்க வேண்டும், 4 ஹை போட்டதும் மற்றது இழுக்க வேண்டும். எதிலும் இழுவை இல்லாவிட்டால் ஹோஸைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். டப்பாவிலிருந்து, மின்சாரத்தால் காற்று வழியை மாற்றும் சொலனொய்ட், அங்கிருந்து பம்ப். வளையும் இடங்களிலும், இஞ்சின் சூடு படும் இடங்களிலும், முனையிலும் வெடித்திருக்கும். மடித்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். எலிக்கடியை வெளிச்சம் அடித்துத் தேடுங்கள். வயலில் வாடிக்குப் பக்கத்தில் நிறுத்துகிற ஒவ்வொரு வாகனத்துக்கும் இது பொருந்தும்.

இழுவை டப்பா வரை வந்தும் எக்ஸில் சேராவிட்டால், டப்பாவின் ஒரு குழாயில் சுத்தமான ஹோஸ் செருகி வாயால் இழுத்து, நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டே நின்றால் உள் ரப்பர் நல்லது. மெல்ல விட்டுவிட்டால் கிழிந்திருக்கிறது. அடுத்த குழாயிலும் செய்யுங்கள். கை வெக்கூம் பம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. நாலாம் படியில் சொன்ன சக்கரச் சோதனையை டப்பாவை இழுத்துப் பிடித்தபடி செய்து பார்க்கலாம். பல எல்200களில் இந்த டப்பா பற்றரித் தட்டுக்குக் கீழே இருக்கிறது. பற்றரித் தண்ணீர் சொட்டிச் சொட்டி அது அரித்துப் போயிருக்கும். தட்டை எடுத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

சொலனொய்ட் இரண்டையும் 12 வோல்ட் கொடுத்துக் கேளுங்கள். டிக் என்று அடிக்க வேண்டும். அடித்தால் மட்டும் போதாது, அடிக்கும்போது காற்று வழி மாறுகிறதா என்று ஊதியும் பாருங்கள். உள்ளே தூசி அடைத்து, சத்தம் மட்டும் வரும் சொலனொய்ட்டும் உண்டு.

7. லைட், சுவிச், வயர்

எல்200, பஜெரோவில் முன் சக்கர லைட் விடாமல் மினுங்கினால், ட்ரான்ஸ்பர் போட்டாகிவிட்டது, முன் எக்ஸில் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

ஃபோர் வீல் நன்றாக இழுக்கிறது, லைட் மட்டும் எரியவில்லை என்றால் பல்போ சுவிச்சோதான். ஆனால் வெக்கூம் ஏற்பாடு உள்ள ஹைலக்ஸில் ட்ரான்ஸ்பரில் இருக்கும் அந்தச் சுவிச்தான் சொலனொய்டுக்குக் கட்டளை கொடுக்கிறது. சுவிச் செத்தால் லைட்டும் இல்லை, முன் எக்ஸிலும் சேராது. இரண்டு வயர் பிளக்கைக் கழற்றி, மல்டிமீற்றரில் 2 ஹையில் ஒருமுறை, 4 ஹையில் ஒருமுறை பாருங்கள். வாசிப்பு மாற வேண்டும். மாறாவிட்டால் சுவிச்சை மாற்றுங்கள்.

களப்பு ஓரத்திலும் கடலோரத்திலும் ஓடும் வாகனங்களில், மீன் பெட்டி ஏற்றுகிறவற்றில் முக்கியமாக, பிளக்கைத் திறந்தால் பச்சைப் பூஞ்சணம் போல ஒன்று இருக்கும். உப்பு செம்பைத் தின்ற தடம் அது. கொன்ரக்ட் கிளீனர் அடித்து, சின்னத் தூரிகையால் துலக்கி, மின்சாமான்களுக்குரிய கிரீஸை மெல்லப் பூசுங்கள். பியூஸும் பார்த்துவிடுங்கள்.

8. பட்டன் உள்ள வாகனங்கள்

பட்டனை அழுத்தியதும் கீழே மோட்டர் முனகுகிறதா என்று இன்னொருவரை விட்டுக் கேட்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் பியூஸ், ரிலே, பிளக், அதற்குப் பிறகுதான் மோட்டர். முனகியும் மாறாவிட்டால் மோட்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். பற்றரி பலவீனமாக இருந்தாலும் இவை விழாது. அதனால் முதலில் பற்றரியை அளந்துவிடுங்கள். இதற்கு மேல் கணினி போட்டுக் கோட் வாசிக்கிறவரிடம் போவது நல்லது.

9. ஒயிலும் மூச்சுக் குழாயும்

ட்ரான்ஸ்பரிலும் முன் டிபரன்ஷலிலும் முதலில் மேல் போல்ட்டைக் கழற்றுங்கள். நிரப்பும் வழி திறக்கும் என்று உறுதியான பிறகே வடிக்கும் போல்ட். மேல் போல்ட் இறுகி வராமல், ஒயிலையும் வடித்துவிட்டு வாகனத்தை நகர்த்த முடியாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

ஹைலக்ஸ் ட்ரான்ஸ்பருக்கு 75-90 கியர் ஒயில். சங்கிலி உள்ள சில ட்ரான்ஸ்பர்களுக்கு ஓட்டோ கியருக்குப் போடும் மெல்லிய சிவப்பு ஒயில். அதற்குத் தடித்த கியர் ஒயிலை ஊற்றினால் லீவர் கனக்கும். உங்கள் கையேட்டில் உள்ளதைப் போடுங்கள்.

வடியும் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கிரான் பக்கம் புலிபாய்ந்தகல் றோட்டில் மாரிக்கு வெள்ளம் ஏறுவது எல்லாருக்கும் தெரியும். சூடான டிபரன்ஷல் குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கும். மேலே உள்ள மூச்சுக் குழாய் சுரியால் அடைபட்டிருந்தால், காற்றுக்குப் பதில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூச்சுக் குழாயைக் கழுவி, ஒரு ஹோஸ் பூட்டிப் பொனட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். வெள்ளம் தாண்டி வந்த அந்தக் கிழமையிலேயே ஒயிலைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கியிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள்.

சிறுபோகம் முழுவதும் லீவரைத் தொடாமல் வைத்து, மாரி தொடங்கியதும் இழுத்தால் எதுவும் இறுகித்தான் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை கிறவலிலோ மணலிலோ 4 ஹையில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் நேராக ஓட்டி, 4 லோவும் ஒருமுறை போட்டு எடுங்கள். ஒயில் எல்லா இடமும் போகும், ஃபோர்க் ஓடும் தண்டில் துரு ஏறாது.

10. கழற்றத்தான் வேண்டும் என்றால்

மேலே சொன்ன எல்லாம் பார்த்து, லீவர் சரி, ஒயில் சரி, ஆனால் 4 ஹையிலும் முன் ப்ரொப் ஷாப்ட் சுற்றுகிறது என்றால் உள்ளேதான் கோளாறு. சுமையில் டமார் டமார் என்று துள்ளி அடித்தால், சங்கிலி உள்ள வாகனத்தில் சங்கிலி இழுபட்டிருக்கும். முன்னாலும் பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய ஹைலக்ஸ் ட்ரான்ஸ்பரில் சங்கிலி கிடையாது, பற்சக்கரம்தான். யாராவது அப்படிப்பட்ட ஹைலக்ஸுக்குச் சங்கிலி மாற்ற வேண்டும் என்றால் வாகனத்தை அங்கே விடாதீர்கள். 4 லோ மட்டும் துள்ளி வெளியே வந்தால் ஃபோர்க், அதன் குண்டு ஸ்பிரிங், தேய்ந்த பல் ஆகியவற்றில் ஒன்று.

கராஜில் கொடுக்கும்போது நாலாம் படிச் சோதனையை உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். கரிய பசை போல இருந்தால் வழமையான தேய்மானம். நகத்தால் எடுக்கக்கூடிய துண்டுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. திறந்த பிறகு சீல்களை எல்லாம் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கழற்றிய சாமான்களையும் வீட்டுக்கு வாங்கி வாருங்கள்.

வாகனம் கைக்கு வந்ததும் தாரில் சோதிக்காமல் கிறவலில் இறக்குங்கள். 4 ஹை போட்டு நேராக அரைக் கிலோமீற்றர், நிறுத்தி 4 லோ, திரும்ப 2 ஹை. மூன்று இடத்துக்கும் லீவர் இரண்டு விரல் பலத்தில் போய் வந்தால் காசைக் கொடுக்கலாம்.